பனிப்புயல் வருமுன்னே

மார்கழி மாதம் பனி பெய்கிறது என்று நாம் சொல்வோம். காலையில் வைக்கோல் போர் நனைந்திருக்கும். புல் நுனியில் துளி நிற்கும். வெயில் ஏறியதும் எல்லாம் காய்ந்துவிடும். நமக்குத் தெரிந்த பனி அவ்வளவுதான்.

காஷ்மீரில் பனி என்றால் அது வேறு. வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாக விழும். சத்தமே இருக்காது. இரவில் படுக்கப் போகும்போது தெரு தெருவாக இருக்கும். விடிந்து பார்த்தால் தெரு இருக்காது. வேலி இருக்காது. முழங்கால் அளவு வெள்ளையாகக் கிடக்கும். சில இடங்களில் ஆள் உயரம் கூடக் கிடக்கும். அது வெயில் வந்ததும் போய்விடாது. பல வாரங்கள் அங்கேயே கிடக்கும்.

அப்படிப்பட்ட ஊரில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள்? சாலை மூடிவிட்டால் அரிசிக்கு என்ன செய்வார்கள்? மின்சாரம் நின்றுவிட்டால் குளிரை எப்படித் தாங்குவார்கள்? நம் நாட்டின் வடகோடியில் வாழும் அந்த மக்களின் கதையைப் பார்ப்போம்.

எழுபது நாள் குளிர்

காஷ்மீர் மக்கள் குளிர்காலத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் பகுதிக்குச் சில்லை கலான் என்று பெயர். டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கும். 40 நாள் இருக்கும். கலான் என்றால் பெரியது. அடுத்தது சில்லை குர்த். இது சிறியது, 20 நாள். கடைசியில் வருவது சில்லை பச்சா. பச்சா என்றால் குழந்தை. இது 10 நாள். நாற்பதும் இருபதும் பத்தும் சேர்ந்தால் 70 நாள். நாம் கத்திரி வெயிலுக்கு நாள் எண்ணுவது போல அவர்கள் குளிருக்கு நாள் எண்ணுகிறார்கள்.

குளிரை அளக்க ஓர் அளவு உண்டு. அதற்கு டிகிரி செல்சியஸ் என்று பெயர். தண்ணீர் உறைந்து கட்டியாகும் இடம் சைபர் டிகிரி. சென்னையில் மார்கழி இரவில் சுமார் 20 டிகிரி இருக்கும். அதற்கே நாம் போர்வை தேடுவோம். 2024 டிசம்பரில் ஸ்ரீநகரில் ஓர் இரவு சைபருக்குக் கீழே எட்டரை டிகிரி போனது. ஐம்பது ஆண்டுகளில் அவ்வளவு குளிரான டிசம்பர் இரவு அங்கே வந்ததில்லை. ஊரின் நடுவே இருக்கும் தால் ஏரியின் ஓரங்கள் உறைந்தன. குழாயில் தண்ணீர் உறைந்தது.

குளிர் மட்டும் என்றால் கம்பளி போர்த்திச் சமாளிக்கலாம். பனிப்புயல் வந்தால்தான் பெரும் தொல்லை. இந்தப் புயல் நம் ஊர்ப் புயல் போல வங்கக் கடலில் பிறப்பதில்லை. மேற்கே வெகு தூரத்தில், மத்தியதரைக் கடல் பக்கத்தில் பிறக்கிறது. ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகக் காற்று ஈரத்தைச் சுமந்து வருகிறது. இமயமலையில் மோதி மேலே ஏறுகிறது. மேலே ஏறினால் குளிரும். குளிர்ந்தால் ஈரம் பனியாக விழும். வானிலைத் துறையினர் இதை மேற்கத்திய இடையூறு என்று சொல்கிறார்கள். எளிதாகச் சொன்னால், மேற்கிலிருந்து வரும் குளிர்கால மழைக்காற்று. வட இந்தியாவின் கோதுமைக்கு இந்த மழைதான் உயிர். மலையில் விழும் பனிதான் கோடையில் உருகி ஆறாக ஓடுகிறது. ஆகவே அங்கே பனியை யாரும் சபிப்பதில்லை. பனி விழாத ஆண்டைத்தான் அவர்கள் கண்டு பயப்படுகிறார்கள்.

கோடையிலேயே தொடங்கும் வேலை

பனிக்கான வேலை பனிக்காலத்தில் தொடங்குவதில்லை. ஜூலை, ஆகஸ்டு வெயிலிலேயே தொடங்கிவிடுகிறது.

சுரைக்காயை நீள நீளமாக வெட்டிக் காயப் போடுகிறார்கள். கத்தரிக்காயைக் கீறிக் காயப் போடுகிறார்கள். தக்காளி, டர்னிப் கிழங்கு, கீரை, எல்லாம் வெயிலுக்கு வருகின்றன. சிலவற்றை நூலில் கோத்து மாலை போல வீட்டுச் சுவரில் தொங்க விடுகிறார்கள். மீனையும் காய வைக்கிறார்கள். காய்ந்த காய்கறிக்கு அவர்கள் ஹோக் ஸ்யூன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டு வற்றலும் கருவாடும் தான் இவை. பெயர்தான் வேறு. நாம் ருசிக்காகப் போடுகிறோம். அவர்கள் சாலை மூடும் நாளுக்காகப் போடுகிறார்கள்.

பள்ளத்தாக்குக்குச் சாமான் வருவது பெரும்பாலும் ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் போகும் நெடுஞ்சாலை வழியாகத்தான். சுமார் 270 கிலோமீட்டர் மலைச்சாலை. பனி விழுந்தாலும் மண் சரிந்தாலும் லாரிகள் வரிசையாக நின்றுவிடும். 2025 ஜூன் முதல் காட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயிலும் ஓடுகிறது. நிலைமை முன்பு போல மோசமில்லை. ஆனாலும் வற்றல் மாலை சுவரிலிருந்து இறங்கவில்லை. ரயில் ஊருக்குத்தான் வரும். மலைமேல் இருக்கும் வீட்டுக்கு வராது.

இன்னும் உள்ளே, குரேஸ் என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே போகும் சாலை ஓர் உயரமான கணவாய் வழியாகப் போகிறது. குளிர்காலத்தில் அது பல மாதங்கள் மூடிக்கிடக்கும். அரிசி, எரிவாயு, மண்ணெண்ணெய், மருந்து எல்லாவற்றையும் பனிக்கு முன்பே கொண்டு போய்ச் சேர்த்துவிட வேண்டும். அந்த ஊருக்கு நாட்டின் மின்கம்பி போய்ச் சேர்ந்ததே 2023 நவம்பரில்தான். அதுவரை டீசல் ஜெனரேட்டர் கொடுத்த சில மணி நேர வெளிச்சம்தான். மின்சாரம் இல்லாமல் வாழ்வது எப்படி என்று அந்த ஊர்ப் பெரியவர்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

இலையுதிர் காலத்தில் இன்னொரு வேலை. சினார் என்ற பெரிய மரம் அங்கே ஊரெங்கும் உண்டு. அதன் இலை சிவந்து கொட்டும். பெண்கள் அதைக் கூட்டிப் பெருக்கிக் குவிக்கிறார்கள். தீ வைக்கிறார்கள். எரிந்து சாம்பலாவதற்குள் தண்ணீர் தெளித்து அணைக்கிறார்கள். அது கரியாகிறது. சாக்கில் கட்டி வைக்கிறார்கள். இந்தக் கரி காங்கிரிக்குப் போகும்.

காங்கிரி என்றால் என்ன? ஒரு சின்ன மண்சட்டி. அதைச் சுற்றிப் பிரம்பு போன்ற குச்சியால் பின்னிய கூடை. மேலே ஒரு கைப்பிடி. சட்டிக்குள் கரியும் தணலும். குளிர் நாளில் காஷ்மீர் மக்கள் பெரன் என்ற நீண்ட தொளதொளப்பான அங்கியைப் போடுகிறார்கள். காங்கிரியை அதற்குள் வைத்துக்கொள்கிறார்கள். கடைக்காரர், ஆசிரியர், பாட்டி, எல்லோர் அங்கிக்குள்ளும் ஒரு காங்கிரி இருக்கும். மின்சாரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். கரி இருந்தால் போதும்.

மின்சாரம் ஏன் நிற்கிறது?

இதற்குக் காரணம் ஒன்றல்ல.

காஷ்மீரில் மின்சாரம் பெரும்பாலும் ஆற்று நீரிலிருந்து எடுக்கப்படுகிறது. குளிர்காலத்தில் மலைமேல் தண்ணீர் உறைந்துவிடுகிறது. ஆற்றில் நீர் குறைகிறது. மின்சாரமும் குறைகிறது. ஆனால் அப்போதுதான் மக்களுக்கு மின்சாரம் அதிகம் தேவை. வீட்டுக்கு வீடு ஹீட்டர் ஓடுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு எல்.இ.டி. பல்பு 9 வாட். ஓர் அறை ஹீட்டர் 2000 வாட். 2000-ஐ 9-ஆல் வகுத்தால் 222 வரும். அதாவது ஒரு ஹீட்டர் தின்னும் மின்சாரத்தில் 222 பல்பு எரியும்! தெருவில் ஐம்பது வீட்டில் ஐம்பது ஹீட்டர் ஓடினால் டிரான்ஸ்பார்மர் என்ன ஆகும்? சூடேறிக் கருகிவிடும். பனி கொட்டும் நாளில் புது டிரான்ஸ்பார்மரை யார் எப்படித் தூக்கி வருவது?

பனியின் எடை அடுத்த காரணம். பனி பஞ்சு போலத்தான் இருக்கும். ஆனால் பஞ்சு அல்ல. அது தண்ணீர். மரக்கிளையில் குவிந்தால் கிளை ஒடியும். ஒடிந்த கிளை கம்பியின் மேல் விழும். 2019 நவம்பர் 7-ஆம் தேதி அப்படித்தான் நடந்தது. அந்த ஆண்டு பனி முந்திக்கொண்டது. மரங்களில் இலை இன்னும் உதிரவில்லை. ஆப்பிள் தோட்டங்களில் பழம்கூட முழுதும் பறித்து முடியவில்லை. இலை இருந்தால் பனி தங்க இடம் அதிகம். கிளைகள் மளமளவென்று ஒடிந்தன. கம்பிகள் அறுந்தன. பள்ளத்தாக்கின் பெரும்பகுதி இருட்டில் கிடந்தது. பல ஆண்டுகள் வளர்த்த ஆப்பிள் மரங்கள் இரண்டாகப் பிளந்து நின்றன. அதற்கு முந்தைய ஆண்டும், 2018 நவம்பர் தொடக்கத்தில், இதே போலப் பனி முந்தியது. டிசம்பர் வரட்டும் என்று காத்திருந்தவர்கள் இரண்டு ஆண்டும் மாட்டிக்கொண்டார்கள்.

எச்சரிக்கை வந்தால்

வானிலைத் துறை எச்சரிக்கைக்கு நிறம் வைத்திருக்கிறது. பச்சை என்றால் கவலை இல்லை. மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள். இந்த நான்கு நிறமும் காஷ்மீருக்கு மட்டும் அல்ல. நாடு முழுவதற்கும் இதே நிறம்தான். நம் ஊர்ப் புயலுக்கும் இதே நிறம்தான்.

ஆரஞ்சு எச்சரிக்கை வந்த ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மலையடிவாரத்தில் ஒரு தகரக் கூரை வீடு. மாமியார், மகன், மருமகள், இரண்டு குழந்தைகள். மருமகள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவள். செய்தித்தாளில் வந்த எச்சரிக்கையை அவளே படித்துச் சொல்கிறாள். இன்று இரவு முதல் இரண்டு நாள் கனத்த பனி.

உடனே வேலை தொடங்குகிறது. மகன் விறகை வீட்டுக்குள் அடுக்குகிறான். பனி நனைத்த விறகு எரியாது, புகைதான் வரும். பனி வாரும் பலகையையும் வாசலுக்கு உள்ளே வைக்கிறான். வெளியே வைத்தால் அதை எடுப்பதற்கே பனியைத் தோண்ட வேண்டும்! மருமகள் குடம், வாளி, பானை எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்புகிறாள். வெளிக்குழாயில் வைக்கோலும் சாக்கும் சுற்றிக் கட்டுகிறாள். தண்ணீர் உறைந்தால் பருமனாகும். குழாயைப் பிளந்துவிடும். இரவில் ஒரு குழாயைச் சொட்டுச் சொட்டாக ஒழுக விட்டால் உறைவது குறையும். அப்படியும் உறைந்துவிட்டால் நெருப்பைக் காட்டக் கூடாது. வெதுவெதுப்பான துணியைச் சுற்ற வேண்டும்.

மின்சாரம் இருக்கும்போதே செல்போனுக்கு சார்ஜ் ஏற்றுகிறார்கள். டார்ச்சில் புது பேட்டரி. செல் போட்டு ஓடும் சின்ன வானொலிப் பெட்டியைத் தேடி எடுக்கிறார்கள். செல்போன் கோபுரமும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. அது நின்றுவிட்டால் வானொலிதான் துணை. தீப்பெட்டியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்தில் வைக்கிறார்கள். இது சின்ன விஷயம்தான். ஆனால் இருட்டில் தீப்பெட்டி தேடிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

மாமியாருக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் ஊசி போடுகிறார். இன்சுலின் உறையக் கூடாது. உறைந்துபோன இன்சுலினை உருக்கிப் போட்டால் அது வேலை செய்யாது. அடுப்புக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது. ஆட்கள் படுக்கும் அறையில், துணியில் சுற்றி, நெருப்புக்குத் தள்ளி வைக்கிறாள் மருமகள். எத்தனை நாளுக்கு மருந்து இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறாள். மூன்று நாளுக்குத்தான் இருக்கிறது. சாலை திறந்திருக்கும்போதே மகன் மருந்துக் கடைக்கு ஓடுகிறான். பையில் அரிசி இருந்து மருந்து இல்லாமல் போன வீடுகள் எத்தனையோ உண்டு. தயாரிப்பு என்றாலே சாப்பாடு என்று நாம் நினைத்துவிடுகிறோம்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

இரவாகிறது. பனி விழத் தொடங்குகிறது. மின்சாரம் போய்விட்டது. எல்லோரும் ஒரே அறையில் படுக்கிறார்கள். இது நல்ல வழக்கம். ஓர் அறையைச் சூடாக வைத்தால் போதும். அறை நடுவில் ஒரு கரியடுப்பு.

"சன்னலைச் சாத்து மகளே. குழந்தைக்குச் சளி பிடிக்கும்" என்கிறார் மாமியார்.

"முழுதும் சாத்தக் கூடாது அம்மா. கரி எரிகிறது."

"கரியில் புகையே இல்லையே? கங்குதானே இருக்கிறது?"

"புகை இல்லாததுதான் அம்மா ஆபத்து."

யார் சொல்வது சரி? மருமகள் சொல்வதுதான் சரி.

கரி, விறகு, எரிவாயு, டீசல் எதுவானாலும் காற்று போதாமல் எரிந்தால் ஒரு நச்சுக்காற்று உண்டாகிறது. அதன் பெயர் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. கண் எரியாது, இருமல் வராது. ஆகவே அறையில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. நாம் மூச்சு விடும்போது நல்ல காற்று இரத்தத்தில் கலக்கிறது. இந்த நஞ்சு வந்தால் நல்ல காற்று இருக்க வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்கிறது. முதலில் தலை வலிக்கும். கிறுகிறுக்கும். குமட்டும். பிறகு தூக்கம் வரும். தூங்குபவருக்கு இந்த முன்னறிவிப்பும் கிடையாது. தூக்கத்திலேயே போய்விடுவார்.

2025 ஜனவரியில் ஸ்ரீநகரில் ஒரு வாடகை வீட்டில் ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் இறந்து கிடந்தார்கள். அவர்களில் மூன்று பேர் குழந்தைகள். குளிருக்கு வைத்த சூட்டுக் கருவியால் மூச்சு முட்டி இறந்தார்கள் என்று செய்திகள் வந்தன. இது ஒரு வீட்டுக் கதை அல்ல. ஒவ்வொரு குளிர்காலத்திலும் வட இந்தியாவில் எங்காவது இப்படி நடக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் பக்கமும் கரி மூட்டி, அறையை மூடித் தூங்கி இறந்தவர்கள் உண்டு. குளிர் அவர்களைக் கொல்லவில்லை. குளிருக்கு மூட்டிய நெருப்புதான் கொன்றது.

ஆகவே கரியடுப்பு எரியும் அறையில் சன்னல் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். தூங்கும் முன் கரியடுப்பையும் காங்கிரியையும் அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். தணல் சாம்பல் பூத்திருந்தாலும் அது அணைந்துவிட்டது என்று பொருள் இல்லை. அங்கே புகாரி என்று ஒரு தகர அடுப்பு உண்டு. அதற்குக் கூரை வழியாக வெளியே போகும் புகைக்குழாய் இருக்கும். அந்தக் குழாய் அடைத்திருக்கிறதா என்று பனிக்காலத்துக்கு முன்பே பார்க்க வேண்டும். கூரைமேல் பனி குவிந்தால் குழாயின் வாய் மூடிவிடும். அதையும் பார்க்க வேண்டும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ தாழ்வாரத்திலோ ஓட்டவே கூடாது.

ஒருவேளை யாராவது மயங்கிக் கிடந்தால்? முதலில் கதவையும் சன்னலையும் திறக்க வேண்டும். அவரை வெளிக்காற்றுக்கு இழுத்து வர வேண்டும். பிறகு 108-க்குப் போன் செய்ய வேண்டும். வெளியே குளிர்கிறதே என்று அறைக்குள்ளேயே வைத்துக் கை கால் தேய்த்துக்கொண்டிருந்தால் தேய்ப்பவரும் மயங்குவார்.

காங்கிரியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அது அழகான பொருள். பல தலைமுறை அறிவு அதில் இருக்கிறது. ஆனால் பழையது என்பதற்காக எல்லாம் நல்லது ஆகிவிடாது. வயிற்றிலும் தொடையிலும் பல ஆண்டுகள் சூடு பட்டு, அங்கே தோல் புற்றுநோய் வருவதை மருத்துவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டு எழுதி வைத்தார்கள். ஆறாத புண் இருந்தால் மூடி மறைக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். படுக்கையில் காங்கிரி கவிழ்ந்து தீப்பிடிப்பதும் உண்டு.

கூரைமேல் எத்தனை மூட்டை?

விடிகிறது. கூரைமேல் ஓர் அடிப் பனி. இதன் எடை எவ்வளவு இருக்கும்?

பத்து அங்குலப் பனியை உருக்கினால் சுமார் ஓர் அங்குலத் தண்ணீர் கிடைக்கும். இந்தக் கணக்கின்படி பத்தடிக்குப் பத்தடி கூரைமேல் ஓர் அடிப் பனி விழுந்தால் ஏறக்குறைய 300 கிலோ எடை. 50 கிலோ அரிசி மூட்டை என்றால் ஆறு மூட்டை! அதுவும் உலர்ந்த பனிக்குத்தான். ஈரப்பனி என்றால் இரண்டு மடங்குகூட ஆகும். பன்னிரண்டு மூட்டை. அதனால்தான் அங்கே வீடுகளுக்குச் சரிவான தகரக் கூரை போடுகிறார்கள். பனி தானாகச் சரிந்து விழும். அப்படி விழும்போது கீழே நின்றால் ஆள் புதைந்துவிடுவார். குழந்தைகளைக் கூரை ஓரத்தில் விளையாட விடக் கூடாது. மாட்டுக்கொட்டகையின் தட்டைக் கூரையை முதலில் பார்க்க வேண்டும். பனி விழ விழ வாரித் தள்ள வேண்டும். எல்லாம் விழுந்து முடியட்டும் என்று காத்திருந்தால் கூரையே கீழே வந்துவிடும்.

தெருவில் கம்பி அறுந்து கிடக்கிறது. மின்சாரம்தான் இல்லையே என்று யாரும் தொடக் கூடாது. எந்த நிமிடமும் மின்சாரம் வரலாம். பனியும் ஈரமும் மின்சாரத்தைக் கடத்தும். தள்ளி நின்று, மற்றவர்களையும் தடுத்து, 1912 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். மின்சாரம் போனதும் வீட்டில் ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். ஒரு பல்பு மட்டும் போட்டு வைத்தால் போதும். மின்சாரம் வந்ததை அது சொல்லிவிடும். எல்லா வீட்டிலும் எல்லாக் கருவியும் ஒரே நொடியில் ஓடத் தொடங்கினால், இப்போதுதான் சரி செய்த டிரான்ஸ்பார்மர் மறுபடியும் போய்விடும்.

பிரசவம் காத்திருக்காது

2020 ஜனவரியில் காஷ்மீரில் கடும் பனிப்பொழிவு. ஒரு கர்ப்பிணிப் பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். வண்டி போகாது. நூறு ராணுவ வீரர்களும் முப்பது ஊர்க்காரர்களும் அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஆழமான பனியில் நான்கு மணி நேரம் நடந்தார்கள். தாயும் சேயும் பிழைத்தார்கள். நாடே பாராட்டியது.

பாராட்ட வேண்டியதுதான். ஆனால் எல்லா ஊரிலும் நூறு பேர் கிடைக்க மாட்டார்கள். பிரசவ நாள் முன்பே தெரியும். நர்ஸ் எழுதிக் கொடுத்த அட்டையிலேயே தேதி இருக்கும். அந்தத் தேதி பனிக்காலத்தில் வந்தால், பத்துப் பதினைந்து நாள் முன்பே கீழே உள்ள ஊரில், மருத்துவமனைக்குப் பக்கத்தில், சொந்தக்காரர் வீட்டில் போய்த் தங்குவது நல்லது. அட்டையில் உள்ள தேதியை வீட்டில் ஒருவராவது படித்து நினைவில் வைக்க வேண்டும். டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் இதே யோசனைதான்.

குளிரில் ஒருவர் நடுங்கி, பேச்சுக் குழறி, நடை தடுமாறினால் அவர் உடம்பின் சூடு இறங்குகிறது என்று பொருள். ஈரத் துணியைக் கழற்ற வேண்டும். உலர்ந்த கம்பளியில் சுற்ற வேண்டும். நினைவு இருந்தால் சூடான டீ கொடுக்கலாம். சாராயம் கொடுக்கவே கூடாது. குடித்தால் சூடு ஏறியது போலத் தோன்றும். உண்மையில் உடம்பின் சூடு வேகமாக வெளியேறிவிடும். விரல்கள் வெளுத்து மரத்துப்போனால் தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டவும் கூடாது. மரத்துப்போன விரலுக்குச் சுடுவது தெரியாது. வெதுவெதுப்பான நீரில் வைக்க வேண்டும்.

மலைச்சரிவில் வீடு உள்ளவர்களுக்கு இன்னொரு பயம் உண்டு. பனிச்சரிவு. கனத்த பனி விழுந்த பிறகு, மலையில் குவிந்த பனி மொத்தமாகச் சரிந்து வரும். 2005 பிப்ரவரியில் தெற்கு காஷ்மீரில் வால்டெங்கு நாட் என்ற மலைக்கிராமம் இப்படிப் புதைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இப்போது பனிச்சரிவு எச்சரிக்கை முன்பே வருகிறது. எச்சரிக்கை வந்தால் வீட்டையும் மாட்டையும் விட்டுவிட்டுக் கிளம்புவது எளிதல்ல. ஊர் கூடிப் பேசி, எங்கே போய்த் தங்குவது, மாடுகளை எங்கே கட்டுவது என்று முன்பே முடிவு செய்த ஊர்தான் நேரத்தில் கிளம்புகிறது.

நமக்குப் பனி இல்லை. ஆனால்...

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைக் கிராமங்கள் பல, வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்சாரம் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை. மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இல்லை. வாடகை ஜெனரேட்டர் கொண்டுவந்து தண்ணீர் ஏற்றினார்கள். அங்கே பனியால் ஒடிந்தது ஆப்பிள் மரம். இங்கே காற்றால் சாய்ந்தது தென்னை மரம். தண்ணீர், மருந்து, விளக்கு, அறுந்த கம்பி, பிரசவத் தேதி, எல்லாம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

ஜெனரேட்டர் புகையில் உள்ள நஞ்சும் அதே நஞ்சுதான்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டுக் கூரை எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம்? அதன்மேல் ஓர் அடிப் பனி விழுந்தால் எத்தனை அரிசி மூட்டை எடை இருக்கும்? பத்தடிக்குப் பத்தடிக்கு ஆறு மூட்டை என்று கணக்கிடுங்கள்.

2. உங்கள் வீட்டில் தினமும் மருந்து சாப்பிடுபவர் யார்? அந்த மருந்தின் பெயரை அட்டையைப் பார்த்து எழுதுங்கள். இன்னும் எத்தனை நாளுக்கு இருக்கிறது? எந்தத் தேதியோடு அது காலாவதியாகிறது?

3. மாமியாரும் மருமகளும் பேசியதை வகுப்பில் இருவர் நடித்துக் காட்டுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?

4. ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள்: அவசர உதவி 112. ஆம்புலன்ஸ் 108. மின்சாரம் 1912. அதற்குக் கீழே பக்கத்து வீட்டாரின் எண்ணையும் எழுதுங்கள். அவரிடம் உங்கள் எண் இருக்கிறதா என்று கேளுங்கள்.